இருபது பாகையில் மட்டும்

1

போன கிழமை எங்கள் தொழிற்சாலையின் குளிரூட்டி நின்றுபோனது. நான் இருப்பது ஜேர்மனியின் தெற்கே, குன்றுகளுக்கு நடுவே உள்ள ஒரு சிறிய நகரத்தில். வருடத்தில் பாதிக்கு மேல் தடித்த மேற்சட்டை இல்லாமல் வெளியே இறங்க முடியாத இடம். ஆனால் இந்த ஆடியில் இங்கேயும் வெயில் கொளுத்துகிறது. நாங்கள் லேசர்களை அளக்கும் அறையில் எப்போதும் இருபது பாகைதான் இருக்கவேண்டும். அன்று பத்து மணிக்கே சுவரில் இருக்கும் மானி இருபத்தெட்டைக் காட்டியது.

எங்கள் பகுதித் தலைவி வந்து பார்த்தார். "இந்தச் சூட்டில் அளக்கும் எதுவும் செல்லாது. கருவிகளை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போங்கள்" என்றார். கூட வேலை செய்கிறவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலச் சிரித்துக்கொண்டு ஐஸ்கிறீம் குடிக்கக் கிளம்பினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். தலையிடி என்று சொல்லிவிட்டுக் காருக்குள் போய் இருந்தேன். தலையிடி ஒன்றும் இல்லை. வெட்கமாக இருந்தது.

இருபத்தெட்டுப் பாகை யாழ்ப்பாணத்தில் மார்கழி மத்தியானத்துச் சூடு. அந்தச் சூட்டுக்கே இங்கே வேலையை நிறுத்தி மனிதரையும் இயந்திரத்தையும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நானோ இந்தப் பங்குனியில், தகரக் கூரை போட்ட ஒரு மண்டபத்துக்குள், இதே லேசர்களை எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டு, மாலையும் வாங்கிக்கொண்டு வந்தவன். ஊரில் இதை வாசிப்பவர்களில் சிலர் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பீர்கள். நீங்கள் அன்று கண்டது ஒன்று, நடந்தது வேறொன்று. அதை உள்ளபடி சொல்லவேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

2

ஊரில் என்னை 'லேசர் விஞ்ஞானி' என்கிறார்கள். விழா நோட்டீஸிலும் அப்படித்தான் போட்டார்கள். நான் அதைத் திருத்தவில்லை. உண்மையில் நான் அளக்கிறவன். மற்றவர்கள் செய்யும் லேசர்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்த்து, நல்லதை ஒரு பெட்டியிலும் கழிவை இன்னொரு பெட்டியிலும் போடுவது என் வேலை. இருபத்தைந்து வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

என்ன லேசர் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரு அரிசிமணியிலும் சிறிய குறைகடத்தித் துண்டு. அதற்குள் அடுக்கடுக்காக, இரண்டு படைகளுக்கு நடுவே இன்னொரு படை, நினைத்துப் பார்க்க முடியாத அளவு மெல்லியது. மின்சாரம் ஓடும்போது இலத்திரன்கள் அந்த நடுப்படைக்குள் விழுந்து, வெளியேற முடியாமல் தங்கி, அங்கேயே ஒளியாக மாறுகின்றன. விழுந்தது ஏற முடியாமல் கிடப்பதால் அதைக் குவாண்டம் கிணறு என்கிறார்கள். இதை ஒருமுறை அக்காவுக்கு ரெலிபோனில் விளக்கினேன். "இஞ்சை கிணத்துத் தண்ணி உப்பாப் போகுது, இவன் அங்கை கண்ணுக்குத் தெரியாத கிணறு வெட்டுறானாம்" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

சிவப்பு ஒளி தரும் லேசர்களில் இந்தக் கிணறு ஆழம் குறைந்தது. அதுதான் அவற்றின் பெரிய குறை. சூடு ஏறினால் இலத்திரன்கள் துள்ளி விளிம்பைத் தாண்டி வெளியே போய்விடும். பிறகு அதே வெளிச்சத்துக்குக் கூடுதல் மின்னோட்டம் வேண்டும். மின்னோட்டத்தைக் கூட்டினால் சூடு இன்னும் ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் லேசர் லேசராகவே இராது, கோயில் சோடனைக்குக் கட்டும் சின்னச் சிவப்பு பல்பைப் போல மங்கலாக மினுங்கும். அதற்கும் மேலே கூட்டினால் ஒளி வெளிவரும் முகப்புக் கருகிச் செத்துப்போகும்.

அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளப்போம். ஒருமுறை இருபது பாகையில், பிறகு அறுபதில். இருபதில் நன்றாக எரிந்து அறுபதில் விழுந்துபோகிறவை எத்தனையோ உண்டு. அவை கழிவுப் பெட்டிக்குப் போகும். மாதக் கடைசியில் அரைத்துப் பொடியாக்கிவிடுவார்கள்.

3

அம்மா காலமாகி ஒரு வருடம் முடிகிற நேரம். செத்தவீட்டுக்கு வந்து நாலு நாளில் திரும்பிவிட்டேன், அதனால் ஆட்டைத் திவசத்துக்காவது குடும்பத்தோடு வந்து நிற்கவேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொன்னாள். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் தாய் தகப்பன் நினைவாக ஊருக்கு ஏதாவது கட்டிக்கொடுத்து, 'ஞாபகார்த்தமாக' என்று கல்லில் பெயர் பொறிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒருவர் வாசல் படலை கட்டினால் மற்றவர் தண்ணீர்த்தாங்கி கட்டுகிறார். அக்காவுக்கும் அந்த ஆசை இருந்தது. எனக்கு ஒரு பெருமை எண்ணம் வந்தது. படலையும் தாங்கியும் யாரும் கொடுக்கலாம், நான் என் தொழிலில் இருந்து கொடுப்பேன், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அம்மாவின் பெயரில் ஒரு லேசர் ஆய்வுமேசை வைப்பேன் என்றேன்.

கழிவுப் பெட்டியில் இருந்து லேசர்களைக் கேட்டேன். வாங்குவது சுலபமாக இருக்கவில்லை. ஜேர்மன்காரருக்குக் கழிவு என்று எழுதிவிட்ட சாமான் கழிவுதான், அதைத் தானம் செய்ய ஒரு பிரிவும் சட்டத்தில் இல்லை. தரப் பிரிவில் ஒருவர், களஞ்சியத்தில் ஒருவர், ஏற்றுமதிக்கு ஒருவர் என்று அலைந்தேன். கடைசியில் 'மாதிரிப் பொருள், உத்தரவாதம் இல்லை, இருபது பாகைக்கு மட்டும்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்தார்கள். கையெழுத்துப் போட்ட கை என்னுடையதுதான்.

இரவுச் சாப்பாட்டு நேரம் மனைவி கேட்டாள். "உந்தக் கழிச்ச சாமானையோ மாமியின்ரை பேரிலை குடுக்கப் போறியள்?"

"கழிச்சது எண்டு சொல்லாதை. இருபது பாகையிலை ஒரு குறையும் இல்லாதது" என்றேன். பிறகு இன்னொன்றும் சொன்னேன். "எங்கடை பிள்ளையளுக்கு உது காணும், உதே போதும்."

மகள் அபிரா எதிரே இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஜேர்மனில் பதில் சொல்வாள். எங்கள் கதை ஒன்றும் அவளுடைய காதில் விழுவதில்லை என்று நாங்கள் இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, அங்கே வெயிலில் பந்தடித்து, வேர்க்குருவோடு வளர்ந்தவன். அறை வெப்பநிலை என்றால் இருபது என்று எப்போது எனக்குள் ஏறியது என்று தெரியவில்லை. மறந்துபோனேன் என்று சொல்லலாம், சொன்னால் நீங்களும் நம்புவீர்கள். முழுக்க மறந்ததும் இல்லை. ஒரு கணம் நினைவு வந்தது. பாடசாலையில் மாதத்துக்கு ஒருக்கால் போட்டுப் பார்ப்பார்கள், பிறகு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள், அதற்கு இது போதாதா என்று அந்த நினைவை அடக்கிவிட்டேன்.

4

அந்த மேசைக்குப் பொறுப்பாக இருந்தவர் தவமலர் ரீச்சர். உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கிறவர், எங்கள் வீட்டு ஒழுங்கையில் குடியிருப்பவர், என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். மூன்று லேசர்களையும் முன்கூட்டியே ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தேன். எப்படிப் பூட்டுவது, எந்தக் குமிழைத் திருகினால் மின்னோட்டம் கூடும், மங்கினால் கூட்டலாம் என்று போனில் சொல்லிக்கொடுத்தேன். அவரே பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு செய்துகாட்டல் தயாரித்தார். போனில் இருக்கும் பாட்டை லேசர் ஒளியில் ஏற்றி, மண்டபத்தின் அந்தத் தொங்கலில், மறுகோடியில், ஒரு சின்னச் சூரிய மின்தட்டில் விழச்செய்து, அங்கிருந்து ஒலிபெருக்கியில் கேட்கவைப்பது. அளவெட்டி நாதஸ்வர வித்துவான் ஒருவரிடம் போய், அவர் வாசிக்க வாசிக்கப் போனில் பதிந்துகொண்டு வந்திருந்தார்கள்.

காலை ஏழு மணிக்கு ஒத்திகை பார்த்தோம். வாசலில் நீர்வேலியில் இருந்து வந்த குலைவாழைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் கோடு ஒன்று மண்டபத்தின் குறுக்கே போனது, நாதஸ்வரம் அந்தத் தொங்கலில் பேசியது. தவமலர் ஒளிக்குக் குறுக்கே கையை வைத்தார், இசை நின்றது. கையை எடுத்தார், இசை வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கையை வைத்து எடுத்துப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கியது, அது பொய்யில்லை.

விழா பத்து மணிக்கு என்று போட்டிருந்தது. பிரதம விருந்தினர் பதினொன்றரைக்கு வந்தார். மேசையை மூடிய திரையை நீக்கியவுடன் எல்லாம் தயாராக இருக்கவேண்டும் என்று அதிபர் சொன்னதால் தவமலர் லேசர்களை அணைக்கவில்லை. பிறகு வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை. எனக்கு மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். கூரைத் தகரம் காய்ந்து, மேடையில் இருந்தவர்களின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. நானும் பேசினேன், கொஞ்சமாக இல்லை. நடுவில் தமிழ்ச் சொல் வராமல் இரண்டு தடவை 'கெனாவ்' என்றேன். ஜேர்மனில் 'அதேதான்' என்று அர்த்தம். முன்வரிசைப் பிள்ளைகள் குனிந்து சிரித்தார்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டேதான் பேசினேன், எனக்குச் சூடாக இருக்கிறது என்று மட்டுமே நினைத்தேன்.

திரையை நீக்கியபோது சிவப்புக் கோடு இல்லை. மூன்று லேசர்களும் மங்கலாக மினுங்கிக்கொண்டிருந்தன. ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும் வந்தது. தவமலர் என்னைப் பார்த்தார். நான் பிரதம விருந்தினரைப் பார்த்தேன். ரீச்சர் குமிழை மெதுவாகத் திருகினார். ஒன்று கொஞ்சம் பிரகாசித்தது, இசை அரை வரி வந்தது, அணைந்தது. மற்றதைத் திருகினார், அதுவும் அணைந்தது. மூன்றாவதன் குமிழில் கையை வைத்துவிட்டு மறுபடியும் என்னைப் பார்த்தார்.

அதிபர் ஒலிவாங்கியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார், மண்டபம் முழுக்கக் கேட்டது. "ரீச்சர், தெரியாததைத் தொடாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான். கடல் கடந்து கொண்டுவந்த சாமான்."

நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். அது சூட்டினால் என்று சொல்ல ஒரு வசனம் போதும். குமிழைக் கூட்டலாம் என்று சொன்னவன் நான்தான் என்று சொல்ல இன்னொரு வசனம். நான் ஒலிவாங்கியை வாங்கி, "பரவாயில்லை ரீச்சர், உப்பிடி நடக்கிறதுதான். மனதிலை வையாதேங்கோ" என்றேன்.

கைதட்டினார்கள். ஒரு முதியவர் எழுந்து நின்று தட்டினார். நான் செய்த பிழைக்கு நானே அந்த மனுசியை மன்னித்தேன், அதற்குத்தான் அந்தக் கைதட்டல்.

5

மறுநாள் அக்கா குடும்பத்தோடு காங்கேசன்துறைக் கடற்கரைக்குப் போனோம். வான் வண்டியில் அபிரா எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அக்கா வீட்டாருக்கு விளங்காத ஜேர்மனில் மெதுவாகக் கேட்டாள். "அவை அந்தக் கழிவுப் பெட்டி லேசர்கள்தானே அப்பா? அம்மாவிடம் சொன்னீர்களே. ஏன் அந்த ரீச்சரிடம் சொல்லவில்லை?"

"உனக்கு இங்கத்தைய விசயம் விளங்காது" என்றேன், தமிழில். அபிராவோடு ஜேர்மனில் வாக்குவாதப்பட்டுத் தோற்கும்போதுதான் நான் தமிழுக்கு மாறுவேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவள் காதுக்குள் பாட்டை மாட்டிக்கொண்டாள். ஊரில் இருந்த மிச்ச நாட்களில் என்னோடு கதைத்தது குறைவு. பிள்ளை எங்களைவிட்டுத் தூரப் போகிறாள் என்று நானும் மனைவியும் அடிக்கடி கவலைப்படுவோம். எங்கிருந்து தூரப் போகிறாள் என்று இப்போது கேட்டால் என்னால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியாது.

6

குளிரூட்டி நின்ற அன்று பின்னேரம் அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன். கதையோடு கதையாக ரீச்சர் எப்படி என்று கேட்டேன்.

"அவ பாவம். ஆய்வுகூடப் பொறுப்பை அவவிட்டை இருந்து எடுத்துப்போட்டினம். இப்ப கணக்கு வாத்தியாருக்குக் குடுத்திருக்காம். செய்முறை வகுப்புக்கும் அவர்தான் நிக்கிறார். உவ உள்ளுக்குப் போறதே இல்லையாம்."

"எப்ப எடுத்தவை?"

"நீ போய் ரெண்டாம் கிழமை. ஏன், நீ அதிபரிட்டை அதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையோ?"

நான் ஒன்றும் சொல்லாததுதான் பிரச்சினை என்று அக்காவுக்குச் சொல்லாமலே போனை வைத்தேன். அடுத்த நாள் அதிபருக்கு எடுத்தேன். தயாரித்து வைத்த வசனங்களை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவை கழித்த லேசர்கள், சூட்டைத் தாங்காது என்று எனக்கு முன்பே தெரியும், குமிழைக் கூட்டலாம் என்று சொன்னது நான், ரீச்சரில் ஒரு பிழையும் இல்லை என்றேன்.

அதிபர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார். "ஐயா, உங்கடை பெரிய மனசு எனக்கு விளங்குது. ரீச்சரைக் காப்பாத்த நீங்கள் பழியை உங்கடை தலையிலை போடுறியள். அம்மாவின்ரை வளர்ப்பு அப்பிடி. இதை நான் பிள்ளையளுக்கும் காலைக் கூட்டத்திலை சொல்லப்போறன்."

"இல்லைச் சேர், உண்மையாத்தான் சொல்லுறன்" என்றேன்.

"ஓம், ஓம். எனக்கு விளங்குது" என்றார் அவர்.

வெளிநாட்டில் இருந்து போகிறவன் பிழை விடமாட்டான் என்று எங்கள் ஊர் நம்புகிறது. நாங்கள்தான் அப்படி நம்பவைத்தோம். இருபத்தைந்து வருடமாக நல்ல நல்ல படங்களை மட்டும் அனுப்பி, லீவுக்கு வந்தால் வாசனையோடு இறங்கி, வேலையைப் பற்றிக் கேட்டால் விளங்காத சொல்லாகச் சொல்லி வைத்தோம். இப்போது உண்மையைச் சொன்னாலும் அது எங்கள் பெருந்தன்மைக் கணக்கில் போய்ச் சேர்கிறது.

7

கடைசியாகத் தவமலருக்கு எடுத்தேன். முதலில் எடுக்கவேண்டியது அவருக்குத்தான். எல்லாவற்றையும் சொன்னேன். தூரத்தில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"அண்ணை, நான் நாலு மாதமா எந்த வயரைப் பிழையாப் பூட்டினன் எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்றார். "படுத்தாலும் அதுதான், சமைச்சாலும் அதுதான். படம் கீறிக் கீறிப் பாத்தன். பிழை பிடிபடேல்லை. அப்ப எனக்குப் பௌதிகமே தெரியாதாக்கும் எண்டு முடிவுக்கு வந்திட்டன்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர்."

"எனக்கு மன்னிப்பு என்னத்துக்கு? அண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை நீங்கள் என்னை மன்னிச்சனீங்கள், அது காணும்." குரலை உயர்த்தவில்லை. "பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ. நான் வகுப்பிலை போனை வைக்கிறன், வீடியோவிலை வாங்கோ. மத்தியானம் வையுங்கோ. அந்த வெக்கையிலை இருந்து அவையும் கேக்கட்டும்."

முந்தாநாள் அந்த வகுப்பு நடந்தது, அங்கே மத்தியானம், இங்கே காலை. வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கடதாசியில் படம் கீறி வைத்துக்கொண்டு இருந்தேன். திரையில் வெள்ளைச் சீருடைகளும், புத்தகத்தால் விசிறிக்கொள்ளும் கைகளும் தெரிந்தன. கிணறு ஏன் ஆழம் குறைந்தது, சூட்டில் இலத்திரன்கள் எப்படி விளிம்பைத் தாண்டும் என்று சொன்னேன். கழிவுப் பெட்டியைச் சொன்னேன். என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டேன் என்பதையும் சொன்னேன். ரீச்சர் ஒரு வயரையும் பிழையாகப் பூட்டவில்லை என்று இரண்டு தடவை சொன்னேன். "நான் பெரிய மனசிலை சொல்லேல்லை, நடந்ததைச் சொல்லுறன்" என்றும் சொன்னேன்.

பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். வெப்பநிலையோடு தேவையான மின்னோட்டம் நேர்கோட்டிலா கூடும் என்று ஒருவன் கேட்டான். இல்லை, ஒவ்வொரு பாகைக்கும் வளர்ந்து வளர்ந்து போகும் என்றேன். குளிர் தட்டு ஒன்றை அடியில் வைத்தால் எரியுமா என்று இன்னொருத்தி கேட்டாள். எரியும் என்றேன். தவமலர் கரும்பலகையில் வளைகோடு ஒன்றைக் கீறினார். ஒரே இழுப்பு, அழிக்கவில்லை. கொஞ்சம் மூச்சு விடலாம் போல எனக்கு இருந்தது.

அப்போது பின் வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி எழுந்தாள். கணக்கில் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். "சேர், நீங்கள் இருக்கிற ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் உந்தப் பெட்டியிலை இருந்துதான் குடுப்பியளோ?"

போன வருடம் அபிராவின் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சிக்கு மூன்று லேசர் கொடுத்தோம். தெரிவு செய்து கொடுத்தவன் நான்தான். நல்ல பெட்டியில் இருந்து எடுத்தேன், இரண்டு தடவை அளந்தேன், அங்கே குளிர்ச்சியான மண்டபம் என்று தெரிந்தும் அறுபது பாகையில் போட்டுப் பார்த்தேன்.

"இல்லை" என்றேன்.

"ஏன் சேர்?"

தவமலரைப் பார்த்தேன். அவர் சோக்கட்டியோடு கரும்பலகைப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"அவைக்குப் பழுதானதைக் குடுத்தால் திருப்பி அனுப்பிப்போட்டு ஏன் எண்டு கேப்பினம்" என்றேன். "நீங்கள் மாலை போட்டு வாங்குவியள் எண்டு எனக்குத் தெரியும்."

  அந்தப் பிள்ளை, விருந்தினருக்குச் சொல்லவேண்டும் என்று பழக்கியிருந்தபடி, "நன்றி சேர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.